ஜோவெலினை நீக்கக் கோரி

எனக்குப் புகைப்படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. காலையில் உங்கள் ஆள் என்னைச் சுவரோரம் நிறுத்தி, நேராக ஒன்றும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றும் எடுத்தார். நான் மறுக்கவில்லை. எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். பரவாயில்லை. அந்தக் கேள்விக்குக் கையில் பதில் வைத்திருக்கும் அலுவலகம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் என் தொழில்.

சார்ஜென்ட் அப்ரெனிகா, நீங்கள் என்னை நல்லபடியாக நடத்துகிறீர்கள். விலங்கைக் கழற்றச் சொன்னீர்கள், காபி வாங்கித் தந்தீர்கள். அதனால் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். காணாமல் போன என் மனைவி ஜோவெலினைத் தேடி அவள் அம்மா தொடங்கிய இணையப் பக்கத்தை நீக்கவைத்தது யார் என்றீர்கள். நான்தான். ஜோவெலின் பெயரில் அந்தக் கோரிக்கைகளை எழுதியதும் நான்தான். அவளே எழுதியிருந்தால் முதல் வரியில் மூன்று இதயமும் அழுகிற முகம் ஒன்றும் இருந்திருக்கும். என்னுடையதில் சட்டப் பிரிவின் எண் இருந்தது. அதைப் படித்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஏன் செய்தேன் என்பதை விளக்க, என் உள்ளாடையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டவன். பிறகு நெடுங்காலம் கால் சென்டரில் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து, பார்த்தேயிராத அமெரிக்கர்களிடம் திட்டு வாங்கினேன். தனியுரிமைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை வைத்தாக வேண்டும் என்றார்கள். எங்கள் மாடியில் அந்தச் சட்டத்தை முழுக்கப் படிக்கப் பொறுமை இருந்தவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் பகல் வெளிச்சத்துக்கு வந்தேன். யாராவது தம் பெயரை, படத்தை, பழைய பேச்சை அழிக்கச் சொல்லி எழுதினால், சரிபார்த்து அழித்துக் கொடுப்பேன். எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். மறக்கப்பட வேண்டும் என்பது மிக நியாயமான ஆசை. பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆசை தாமதமாகத்தான் வருகிறது.

ஜோவெலினுக்கு வரவே இல்லை. அவள் பழைய துணி விற்பவள். வெளிநாட்டுப் பழந்துணி மூட்டையாக வரும். பிரித்து, இஸ்திரி போட்டு, எங்கள் கூடத்தில் நின்று நேரலையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். "எனக்கு" என்று முதலில் எழுதுகிறவருக்கு அந்த உடுப்பு. மாலை முழுக்க வீட்டுக்குள் நூற்றுக்கணக்கான கண்கள். எங்கள் திரைச்சீலையின் கிழிசல் எங்கே இருக்கிறது என்பது ரியாதில் வேலை பார்க்கும் தாதிகளுக்குத் தெரியும். ஒருநாள், "என் புருஷனுக்கு இன்னிக்கு வயித்துப்போக்கு, பாவம், அதனால சீக்கிரம் முடிச்சுக்கறேன், கோச்சுக்காதீங்க" என்று உலகத்துக்கு அறிவித்தாள். ஒரு முகம் தெரியாத பெண்மணி மறுநாள் கொய்யா இலை கொடுத்தனுப்பினார்.

மே மாதம் தனியுரிமை வாரம் கொண்டாடுவோம். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓர் அரங்கில் நான் பேசவேண்டியிருந்தது. பின்னறை அலமாரிக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். சட்டையும் பேன்ட்டும் கசங்கிவிடும் என்பதால் போட்டுக்கொள்ளவில்லை. கதவு திறந்திருந்தது. ஜோவெலின் கூடத்தில் கவுன் விற்றுக்கொண்டிருந்தாள். நான் விரலை உயர்த்தி, "தனியுரிமை என்பது மனிதனின் கடைசி ஆடை" என்றேன். நல்ல வாக்கியம். இரண்டு முறை சொன்னேன், இரண்டாம் முறை இன்னும் அழுத்தமாக. அவள் தோளுக்குப் பின்னால், நான் முழு உருவமாகத் தெரிந்துகொண்டிருந்தேன்.

முதலில் வந்த கருத்து: "எனக்கு." அதற்குக் கீழே வரிசையாக "எனக்கு", "எனக்கு", "துவைத்துக் கொடுப்பீர்களா?"

நான் ஸ்டிக்கர் ஆனேன். உயர்த்திய விரல், கீழே "எனக்கு". அலுவலகக் குழுவில் நான் ஏதாவது கோப்பு கேட்டால் பதிலாக நானே வருவேன். காவலாளி காலையில் சல்யூட்டுக்குப் பதில் விரலை உயர்த்தினான். அரங்கில் நான் பேச எழுந்தபோது முன்வரிசையில் ஒரு மூத்த அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தும்மல் என்று சொன்னார்கள்.

நான் கோபப்படவில்லை. கோபத்துக்கு நடைமுறை எதுவும் கிடையாது, உரிமைக்கு உண்டு. ஒவ்வொரு பிரதியையும் தேடினேன். ஒவ்வொரு தளத்துக்கும் எழுதினேன். "உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்" என்று இயந்திரம் உடனே பதில் சொல்லும். பிறகு காத்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பிரதி போய்விடும். ஒவ்வொன்றிலும் வென்றேன். ஆனால் தாவாவோவில் ஒருவன் அதற்கு இசை போட்டான். ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் வரிசையாக நின்று, விரலை உயர்த்தி ஆடினார்கள். நான் கடலை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தேன். ஊற்று என் வீட்டுக் கூடத்தில் இருந்தது.

"ஜோவி, மூல வீடியோவை எடுத்துடு. அதுல இருக்கறது என்னோட தனிப்பட்ட தகவல்" என்றேன்.

"என் லைவ்ல நீதானே வந்தே. நானா உன் ரூமுக்குள்ள வந்தேன்?"

"சட்டப்படி பார்த்தா…"

"மொதல்ல பேன்ட்டைப் போடு பொன்ஸ். அப்புறம் சட்டம் பேசு." சிரித்து முடித்ததும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒரு நாள்ல எத்தனை கவுன் போச்சு தெரியுமா? இன்னிக்கும் ஒரு தடவை அந்தப் பக்கமா நடந்து போயேன். ஒண்ணும் பேச வேணாம். விரலை மட்டும் தூக்கு."

அவள் கெட்டவள் இல்லை. அதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். மறைக்க வேண்டியது என்று உலகத்தில் ஏதாவது இருக்கும் என்பதே அவளுக்குப் புரியாது, அவ்வளவுதான். மூல வீடியோவை அவள் தன் பக்கத்தின் உச்சியில் வைத்திருந்தாள், கடை வாசலில் பொம்மை வைப்பதுபோல.

போன வருடம் ஜூலை மழையில் அவள் போனாள். இப்போதைக்கு அந்தச் சொல்லே இருக்கட்டும்.

முதல் வேலையாக அவள் கணக்கை மூடினேன். போனைத் திறக்க அவள் கட்டைவிரல் தேவைப்பட்டது. அதில் சிரமம் இருக்கவில்லை. மூடுவதற்கு முன் தளம் கேட்டது: நீங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம், காரணம் சொல்ல முடியுமா? கொடுத்திருந்த காரணங்களில் "தனியுரிமை" என்பதைத் தொட்டேன். வீடியோ போனது. அவளுடைய எல்லா மாலைகளும், எல்லா கவுன்களும், என் வயிற்றுப்போக்கும் போயின. வீடு எவ்வளவு அமைதியானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தெருவில் கேட்டவர்களிடம், துபாயில் யாரோ ஒருவனோடு போய்விட்டாள் என்றேன். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பாதிப்பேர் வீட்டில் யாராவது துபாய்க்குப் போயிருப்பார்கள். அவர்களில் சிலர் திரும்புவதில்லை. அந்த வாரமே வீட்டின் பின்கட்டில் மண்ணும் கல்லும் நிரப்பி, மேலே சிமென்ட் போட்டுத் தரையை உயர்த்தினேன். மரிகினா ஆற்றோரம் எல்லோரும் செய்வதுதான். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வீடுகள் ஒரு முழம் உள்ளிருந்து வளரும். என்னை அண்ணனாக வைத்து 'குயா' என்று கூப்பிடும் எதிர்வீட்டு ருபின் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்டாட்டி போனாலும் வீட்டைக் கைவிடல பாருங்க குயா, அதுதான் மனுஷன்" என்றான். "கை குடுக்கவா? கலவை போட ஆள் வேணாமா?"

"வேணாம்ப்பா. ஏதாவது வேலை இருந்தாத்தான் எனக்கு மனசு கொஞ்சம் ஆறும்."

"சரிதான் குயா. நீங்க செய்யுங்க." வீட்டுக்குள் போய் எனக்கு ஒரு பீர் கொண்டு வந்து கொடுத்தான்.

நம்பாதவர் ஒருவர்தான். ஜோவெலினின் அம்மா, நானாய் இசாங். சந்தையில் வாழையிலையில் சுற்றிய சுமன் என்ற அரிசிப் பலகாரம் விற்பவர். மகள் போனிலிருந்து, "அம்மா, நான் புது வாழ்க்கையைத் தொடங்கப் போகிறேன், என்னைத் தேட வேண்டாம்" என்று ஒரு செய்தி போயிருந்தது. அதை நான்தான் அனுப்பினேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானாய் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது என் பொண்ணு இல்ல. அவ எங்கிட்ட இவ்வளவு சின்னதா என்னிக்குப் பேசியிருக்கா?" என்றாராம்.

சந்தையில் பக்கத்துக் கடைப் பெண்களின் உதவியோடு ஒரு பக்கம் தொடங்கினார்: "ஜோவெலினைத் தேடுகிறோம்." துணி வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். ரியாத் தாதிகளும் வந்தார்கள். அவள் முகம் இரண்டு நாளில் நாடெங்கும் போனது. அதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கீழே ஒருவர் கேட்டார், "இவள் கணவன் யார்?" இன்னொருவர் பதில் போட்டார். தன் போனில் பத்திரமாக வைத்திருந்த அந்த வீடியோவைத்தான் பதிலாகப் போட்டார். காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடும் பக்கத்தில் என் உள்ளாடை. துக்கத்தின் கண்ணியத்தை இந்த நாட்டில் இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள்.

வீடியோவை மட்டும் நீக்கச் சொல்லி என் பெயரில் எழுதியிருக்கலாம். மறுநாள் இன்னொருவர் போடுவார். பக்கமே போக வேண்டும். அதைக் கேட்கும் உரிமை அந்தப் பக்கத்தில் முகம் இருப்பவருக்குத்தான் உண்டு. ஆகவே எழுதினேன்: "நான் ஜோவெலின் மகராயெக். வயது வந்தவள். உயிருடனும் நலமாகவும் இருக்கிறேன். என் முகத்தையும் பெயரையும் என் சம்மதமின்றி வெளியிட்டிருக்கிறார்கள்." அடையாள அட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்தபடி ஒரு படம் கேட்டார்கள். பணம் வாங்கும் செயலிக்காக அவள் முன்பு எடுத்த படம் போனில் இருந்தது. அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். போதுமான அளவு உயிருடன் இருந்தாள். பக்கம் நீக்கப்பட்டது.

தளத்தின் பதிலை எடுத்துக்கொண்டு இங்கேதான் வந்தேன். உங்களுக்கு முன் இந்த மேசையில் இருந்தவருக்கு ரொம்ப நிம்மதி.

"அப்போ உயிரோடதான் இருக்காங்க" என்றார். "பெரிய மனுஷி. போறதும் வர்றதும் அவங்க இஷ்டம் சார். அந்தம்மா தினமும் வந்து உட்கார்ந்துக்கிட்டு எங்களை வேலை செய்ய விடறதில்ல. இனிமே இதைக் காட்டிடலாம்."

என் சொல்லைத் தளம் நம்பியது. தளத்தின் சொல்லைக் காவல் நிலையம் நம்பியது. என் முகத்தைப் பார்த்து நம்பும் சிரமம் யாருக்கும் வரவில்லை. இப்படி ஓர் ஏற்பாட்டை நான் திட்டமிட்டு உருவாக்கியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

நானாய் இன்னொரு பக்கம் தொடங்கினார். அதையும் நீக்கவைத்தேன். மூன்றாவதற்குப் பிறகு தளமே அவரைத் திரும்பத் திரும்பத் தவறு செய்பவர் என்று முடிவு செய்து அவர் கணக்கைப் பூட்டியது. அதற்குள்தான் ஜோவெலினின் சின்ன வயதுப் படங்கள் இருந்தன. முதல் நற்கருணை வாங்கிய அன்று வெள்ளை கவுனில் பல் விழுந்த வாயோடு நிற்கும் படம் உட்பட. காகிதப் பிரதிகளை ஒரு பழைய வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அந்தப் படங்கள் போக வேண்டும் என்பது என் நோக்கம் அல்ல. முறையீடு செய்ய வழி இருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

பிறகு அவர் பேனர் வைத்தார்.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பேனர்தான். பிள்ளை தாதியர் தேர்வில் தேறினால் பேனர், கவுன்சிலருக்குப் பிறந்தநாள் என்றால் பேனர், செத்தால் பேனர். சந்தைக்கு மேலே போகும் நடைபாலத்தில், வாழ்த்துகளுக்கும் வணக்கங்களுக்கும் நடுவே ஜோவெலின் தொங்கினாள். யாரோ ஒரு வாடிக்கையாளர் தன் திரையிலிருந்து பிடித்து வைத்திருந்த படம். கையில் ஹாங்கர், வாய் பாதி திறந்திருக்கிறது, ஏதோ விலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். கீழே ஜீப்னி வண்டியில் போகிறவன் படிக்கும் அளவுக்குப் பெரிதாக நானாயின் தொலைபேசி எண். தினமும் அலுவலகம் போகும்போது அவளுக்குக் கீழே போய், திரும்பும்போதும் அவளுக்குக் கீழே வந்தேன்.

வட்டாரத் தலைவர் டெலியோவைப் போய்ப் பார்த்தேன். பாதி சாப்பாட்டில் இருந்தார்.

"கேப்டன், அந்த பேனர் தனியுரிமை மீறல். இறக்கச் சொல்லுங்க."

"இறக்கலாமே. எந்த பட்டனை அமுக்கணும்?" என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"விளையாட்டு இல்ல. அந்தப் பொண்ணோட சம்மதம் இல்லாம படத்தைப் போட்டிருக்காங்க. ஆட்சேபம்னு அவளே எழுதிக் குடுத்திருக்கா, பாருங்க."

அவர் காகிதத்தைத் தொடவில்லை. மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "கை நிறைய எண்ணெய் குயா. ஒண்ணு செய்வோம். அந்தப் பொண்ணையே வரச் சொல்லுங்க. அவ வந்து தன் கையால கழட்டிக்கட்டும். ஏணியை நானே பிடிக்கிறேன்."

எனக்குத் தெரிந்து, இந்த ஒரு வருடத்தில் ஒழுங்கான அடையாளச் சரிபார்ப்பு கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்கே அது தெரியாது.

ஜூலை திரும்பி வந்தது. ஒருவர் இறந்து ஒரு வருடம் ஆனால் துக்கம் இறக்கிப் பூசை வைப்பது எங்கள் வழக்கம். வைக்காவிட்டால் ஆன்மா வீட்டை விட்டு நகராது என்பார்கள். நான் மூடநம்பிக்கை உள்ளவன் அல்ல. ஆனால் பின்கட்டில் ஈரம் காயவே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நானாய் தன் கோவிலில் தினமும் மகள் பெயரைக் கொடுத்து, பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று வாசிக்க வைத்துக்கொண்டிருந்தார். இறந்தவளுக்கு அந்தச் செபத்தால் பயன் கிடையாது. தவறான பிரிவில் போட்ட விண்ணப்பம் அது. ஜோவெலினுக்கு முறையாகச் செய்ய வேண்டியதைச் செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை.

ஆற்றைத் தாண்டி, மலைமேல், என்னை யாருக்கும் தெரியாத ஒரு தேவாலயத்துக்குப் போனேன். அலுவலகத்தில் கரிங் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பூசையில் வாசித்து வேண்டிக்கொள்ள இறந்தவர் பெயரைச் சொன்னேன்.

"யார் குடுக்கறதுன்னு எழுதட்டும் சார்?"

"அது வேண்டாம். பூசைக்குச் செத்தவங்க பேரு போதும். தேவைக்கு மேல தகவல் வாங்கக்கூடாதும்மா. டேட்டா பிரைவசி." அவள் பின்னால் இருந்த பலகையைக் காட்டினேன். "இதோ, இவங்க எல்லார் பேரையும் இப்படித் திறந்து எழுதிப் போட்டிருக்கறதே தப்பு."

"சாமிக்குக்கூடச் சொல்லக் கூடாதா சார், யாரு குடுத்தாங்கன்னு?"

"அவருக்கு ஏற்கெனவே தெரியும்."

பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். "ஜோவெலின் மகராயெக்கின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்தார்கள். அந்தப் பெயரை அவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வெளியே வந்து ரொட்டியும் காபியும் சாப்பிட்டேன். நெடுநாளைக்குப் பிறகு பசித்தது.

வீட்டுக்கு வந்தபின்தான் பார்த்தேன். அந்தத் தேவாலயமும் பூசையை நேரலையில் போடுகிறது. என் மனைவியின் பெயர் இறந்தவர்கள் வரிசையில், தெளிவான ஒலியோடு, உலகத்தின் பார்வைக்குக் கிடக்கிறது. பார்த்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவன் நான். விட்டிருந்தால் எட்டாவது ஆள் வந்திருக்க மாட்டார். இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் வெளியே ஒரு பிரதி கிடக்கிறது என்று தெரிந்த பிறகு என்னால் தூங்க முடியாது. ஆகவே பழகியபடி, ஜோவெலின் பெயரில் அந்த அலுவலகத்துக்கு எழுதினேன்: "நான் உயிருடன் இருக்கிறேன். இறந்தவர்களோடு சேர்த்து என் பெயரை ஒலிபரப்பியது என் உரிமையை மீறுகிறது. குறிப்பிட்ட பகுதியை உடனே நீக்கவும்."

பெரிய தளங்களில் கோரிக்கையை இயந்திரம் படிக்கும். அது யாரையும் நினைத்துச் சந்தோஷப்படாது. கரிங்குக்கு இயந்திரம் இல்லை. மெழுகுவத்தி வாங்க எங்கள் சந்தைக்கு வாராவாரம் இறங்கி வருகிறவள், நடைபாலத்து பேனரைப் பார்த்திருக்கிறாள், பெயரும் நினைவிருந்திருக்கிறது. அடுத்த முறை வந்தபோது பேனருக்குக் கீழே நின்று அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தாள். அவளுடைய வாக்குமூலத்தை நீங்கள்தான் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

"நானாய், உங்க பொண்ணு உயிரோட இருக்காங்க. எங்களுக்கு எழுதியிருக்காங்க. நாங்கதான் தப்பா செத்தவங்களோட சேர்த்து வாசிச்சிட்டோம். மன்னிச்சிடுங்க நானாய், கோவில் சார்பா நான் கேட்டுக்கறேன்."

நானாய் சுமன் கூடையை அப்படியே விட்டுவிட்டு மலையேறியிருக்கிறார். கடிதத்தைக் காட்டியபோது பார்க்கவில்லையாம். ஒன்றுதான் கேட்டாராம்.

"எழுதுனதை விடு. செத்துட்டான்னு பூசைக்குக் குடுத்தது யாரு?"

"பேரு தரல நானாய். நீளக்கைச் சட்டை, கழுத்துல அட்டை. பேரு கேட்டதுக்கு டேட்டா பிரைவசின்னு எனக்கே பாடம் எடுத்தாரு."

நானாய், "எங்க ஊர்ல அந்த வார்த்தையைப் பேசறவன் ஒருத்தன்தான். அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதாம் எம்பொண்ணு செத்துட்டான்னு?" என்றாராம்.

அவர் நேராக உங்களிடம் வரவில்லை. முதலில் என் வீட்டுக்கு வந்தார். கையில் சுமன் பொட்டலம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போய் நின்றார்.

"பொன்சோ, இங்க ஒரு படி இறங்கணுமே."

"வெள்ளத்துக்காகத் தரையை உயர்த்திட்டேன் நானாய்."

"ஆறு எந்தப் பக்கம் மகனே?"

ஆறு வாசல் பக்கம்.

"வெள்ளம் வாசல் வழியாத்தானே வரும்? எல்லாரும் வாசலைத்தானே மொதல்ல உயர்த்துவாங்க? நீ வாசலைப் பள்ளமாவே விட்டுட்டு, பின்னாடி மட்டும் உயர்த்தியிருக்கியே."

அந்தத் தெருவில் ஆற்றோடு பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு வருடமாக அந்தத் தரையைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ருபின் எனக்கு பீர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நானாய் செருப்பைக் கழற்றினார். சுமன் பொட்டலத்தை மேசைமேல் வைக்கவில்லை. குனிந்து, சிமென்டின் நடுவில் வைத்தார். "அவளுக்கு இது பிடிக்கும்" என்றார். பிறகு வாசலில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைத் தாண்டிப் போய்விட்டார். அந்தப் பொட்டலத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் தரையை உடைக்கும் இயந்திரத்தோடு வந்தபோது அது அங்கேதான் இருந்தது.

சரி, நீங்கள் கேட்கக் காத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை மழை கனத்திருந்தது. ஜோவெலின் விளக்கையெல்லாம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். பழைய வீடியோவுக்கு ஆண்டுவிழா கொண்டாடப் போகிறாளாம். மே மாதமே செய்ய வேண்டியது, மூட்டை வரத் தாமதம். என் வேடத்தில் ஒரு பொம்மைக்கு உள்ளாடை மாட்டி வைத்திருந்தாள். விரலுக்குப் பதில் ஒரு கரண்டி. வேண்டாம் என்றேன். முறையாக, மூன்று முறை சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து செருப்பைத் தேடினாள். விற்காத குளிர்காலக் கோட்டு ஒன்று பக்கத்தில் கிடந்தது. இந்த வெயில் ஊரில் அதை யார் வாங்குவார்கள்? கனமான கம்பளி. அதை அவள் முகத்தின்மேல் வைத்து, சிரிப்பு நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். நின்ற பிறகும் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கேமரா ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். அந்தத் தவறு ஒருமுறைதான் நடக்கும். கோட்டும் அவளோடுதான் இருக்கிறது, நீங்கள் எடுத்திருப்பீர்கள்.

ஆம், நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று என்னை வெளியே கொண்டுவந்தபோது தெரு முழுக்க போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எடுக்காதீர்கள் என்று விரலை உயர்த்திச் சொன்னேன். அதுவும் ஸ்டிக்கர் ஆகிவிட்டது என்று உங்கள் ஆள் இப்போதுதான் காட்டினார். அதை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நம் சட்டத்தில், இறந்தவரின் உரிமை அவரோடு போவதில்லை, வாரிசுக்கு வரும். இதுவரை ஜோவெலின் காணாமல் போனவள், ஆகவே அவள் பெயரில் நான் எழுதவேண்டியிருந்தது. அது சரியான முறை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு உங்கள் பதிவிலேயே அவள் இறந்தவள். நான் அவளுடைய சட்டப்படியான கணவன். இனி என் பெயரிலேயே கேட்கலாம். டெலியோவுக்குச் சொல்லி, நடைபாலத்தில் இருக்கும் அந்த பேனரை இறக்கச் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் முகத்தை மாதக்கணக்கில் நடுத்தெருவில் தொங்கவிட்டிருக்கிறார்கள், சார்ஜென்ட். அதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?